ஆவரங்குளத்து ஷட்டரும் பதினொரு வளங்களும்

கணினியில் ஒரு கண்மாயைக் காலி செய்ய எனக்கு நான்கு வரி நிரல் தேவைப்பட்டது. நிஜக் கண்மாய்க்கு அதுகூட வேண்டியதில்லை. மடையின் ஷட்டர் துருப்பிடித்தால் போதும். ராமநாதபுரம் மாவட்டத்தில், சிக்கல் என்கிற ஊருக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஆவரங்குளம் கண்மாய், 2006 கார்த்திகையில் ஒன்பதே நாளில் காலியானது. இரும்புப் பலகை அடியில் இற்று விழுந்துவிட்டது. மணல்மூட்டை வைத்தோம். வைக்கோல் பிரி திணித்தோம். ஏர்வாடியிலிருந்து என் கூட்டாளி காதர் மைதீன் ஒரு பழைய மீன்வலையைக்கூடக் கொண்டுவந்து கட்டிப் பார்த்தான். தண்ணீர் எல்லாவற்றையும் மரியாதையாக விசாரித்துவிட்டு, ஓடை வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைமடையில் என் அக்கா ராக்குவுக்கு ஒரு ஏக்கர். பால் பிடிக்கிற நேரத்தில் அவளுடைய நெல் கருகியது. இருந்த ஆறு ஆட்டையும் கமுதிச் சந்தையில் விற்றுவிட்டு வந்து, என்னிடம் ஒரே பேச்சாகச் சொன்னாள்.

"ஏலே கூத்தையா, அடுத்த புரட்டாசிக்குள்ள புதுப் பலகை வந்தா விதைப்பேன். வரலைன்னா விதைச் சாக்கை அவுக்க மாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போறேன். நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான? ஒரு பலகை வாங்கித் தர ஏலாதா?"

கம்ப்யூட்டர் படித்தவனால் என்னென்ன முடியாது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நானும் காதர் மைதீனும் ஒரு கணினி மையம் நடத்தினோம். என் தொழில்நுட்பத் திறமையில் பெரும்பகுதி கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை நடுவில் நிறுத்துவதில் செலவானது. அவர் எப்போதும் ஒரு விரற்கடை இடதுபக்கமே சாய்ந்திருப்பார்.

ஷட்டருக்கு மனு கொடுக்க வேண்டிய இடம் கண்மாய் மேம்பாட்டு முகமை. கண்மாய்களைச் செப்பனிடத் தொடங்கிய அலுவலகம் அது. செப்பனிட்டுவிட்டால் அடுத்த ஆண்டு செப்பனிட ஒன்றும் மிஞ்சாது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டு, செப்பனிடுவதன் அவசியத்தைப் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டும் வேலைக்கு மாறியிருந்தது. ஊர்வலம் விட்டார்கள். கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று கண்மாயைப் பற்றி எழுதி மூன்றாம் பரிசாக ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தது. அந்த ஆண்டு முகமையிடமிருந்து ஆவரங்குளத்துக்கு வந்த மொத்தத் தண்ணீர் அதுதான்.

மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில்தான் பொழுதுபோகாமல் நானும் காதர் மைதீனும் ஒரு கணினி விளையாட்டைச் செய்தோம். பெயர் 'நீர்பாய்ச்சி'. படமெல்லாம் அவன், கணக்கெல்லாம் நான்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் விடுகிறவர்தான் நீர்பாய்ச்சி. அவருக்கு அந்தக் கண்மாயின் கீழ் ஒரு செண்டு நிலம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கை தன் வயல் பக்கமே போகும் அல்லவா? அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு கதிர்க்கட்டு அவருக்குக் கூலி. எல்லா வயலும் விளைந்தால்தான் அவர் வீட்டு உலை கொதிக்கும். இதை யார் யோசித்து வைத்தார்களோ தெரியாது. ஒரு விளையாட்டை வடிவமைக்கிறவனுக்கு இதைவிடச் சுத்தமான விதி கிடைக்காது. ஆட்டக்காரருக்கு நிலம் இல்லை. கண்மாயில் நூறு பங்கு தண்ணீர். கீழே பன்னிரண்டு வயல். வெயில் தினமும் கொஞ்சம் குடிக்கும். மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் கிடைக்காத வயல்காரர்கள் கரையில் வந்து நின்று சத்தம் போடுவார்கள்.

முதல் வடிவத்தை ஆடிப் பார்க்க எங்கள் ஊர் நீர்பாய்ச்சி இருளாண்டியைக் கூட்டி வந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இடம். கணக்கில் என்னைப் பார்த்து எழுதி, என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன். மவுஸைக் கையில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு வயலையும் விளையவைத்துவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"என்னலே இது, ரொம்ப லேசா இருக்கு?"

"எப்படிடா ஜெயிச்ச? நானே இன்னும் ஜெயிக்கலையே."

"நீ எவன் சத்தம் போடுறானோ அவனுக்குத் தண்ணி விட்டிருப்ப. சத்தம் போடுறவனுக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம். எந்த வயக்காரன் சத்தம் போடாம கரையில குத்தவச்சு உக்காந்துட்டானோ, அவனுக்குத் திற. அவ்வளவுதான்."

காதர் மைதீன் என்னைப் பார்த்தான். "மாப்ள, மூணு மாசமா நீ போட்ட கணக்கை இவன் மூணு வரில சொல்லிட்டான்."

நான் அவமானப்படவில்லை. பழகிவிட்டது. சத்தத்தையும் ஒரு வளமாக்கி, கத்துகிறவர் குரல் நாளுக்கு நாள் தேய்கிற மாதிரி மாற்றினேன். விளையாட்டு கடினமானது, நன்றாகவும் ஆனது. இருளாண்டியே இரண்டு முறை தோற்று, பேருந்தைத் தவறவிட்டான்.

இந்த நேரத்தில்தான் முகமையின் திட்ட அலுவலர் சேதுமாணிக்கம், தம் மகளின் சடங்குப் பத்திரிகை அச்சடிக்க எங்கள் மையத்துக்கு வந்தார். சாய்ந்திருந்த பிள்ளையாரைக் கவனிக்காத அவர் கண்ணில், பக்கத்துத் திரையில் இருந்த கண்மாய் பட்டுவிட்டது.

"இது என்னப்பா?"

"விளையாட்டு சார்."

"விளையாட்டா? இதுல கண்மாய் இருக்கே. கண்மாய்னா எங்க அதிகார வரம்புக்குள்ள வருமே."

நான் பயந்து எழுந்து நின்றேன். அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது, நெகிழ்ச்சிதான். மாவட்டத்து விவசாயிகள் அத்தனை பேருக்கும் இந்த விளையாட்டின் மூலம் நீர் மேலாண்மை கற்பிக்கப் போவதாகவும், புரட்டாசி கடைசி வெள்ளியன்று சென்னையிலிருந்து இயக்குநரே வந்து ஆடித் தொடங்கிவைப்பார் என்றும் அங்கேயே முடிவெடுத்தார். நான் வாய்ப்பைப் பயன்படுத்தி எங்கள் ஷட்டர் மனுவை நினைவூட்டினேன்.

"அது பரிசீலனையில இருக்கு தம்பி. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. முதல்ல மக்களுக்கு விழிப்புணர்வு வரணும். விழிப்புணர்வு இல்லாத மக்கள் கையில ஷட்டரைக் கொடுத்தா என்ன ஆகும்? திறந்துருவாங்க."

விளையாட்டை நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் மனுவையும் கவனிப்பார் என்று நினைத்துச் சரி என்றேன். அக்காவிடமும் சொன்னேன். "விளையாட்டுக் காட்டி வாங்கப்போறியா? நல்லாருக்குலே" என்றாள். அவள் பாராட்டினாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வளப் பகிர்வு வழிகாட்டுக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. பதினொரு பேர். எவரும் விளையாட்டு ஆடியதில்லை; அதனால் பாரபட்சம் இருக்காது என்று சேதுமாணிக்கம் விளக்கினார். அவருக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர் வீரலட்சுமி அம்மாள், நடவடிக்கைக் குறிப்பு எழுத. கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டுக் குடும்பத்துக்காரர். அதிகம் பேசமாட்டார், பேனா மட்டும் ஓடும். திட்ட அலுவலர் தொடக்க உரை ஆற்றினார்.

"நண்பர்களே, தண்ணீர் ஒரு வளம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கையொப்பம் இடாது. முத்திரை வைக்காது. கடிதம் போட்டால் பதில் வராது. வருவதற்கு முன் தகவல் சொல்லாது. போன பிறகு சான்றிதழ் தராது. இவ்வளவு ஒழுக்கக் குறைவான ஒரு வளத்தை மட்டுமே நம்பி விவசாயிகள் இருப்பதுதான் இந்த மாவட்டத்தின் பிரச்சினை. இந்த விளையாட்டு அவர்களுக்கு மற்ற வளங்களை அறிமுகப்படுத்த வேண்டும்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

முதல் கூட்டத்திலேயே ஆட்டக்காரருக்கு நிலம் இல்லை என்பது வெளியே வந்தது.

"நிலம் இல்லையா? அப்ப பயனாளி யாரு?"

"சார், நீர்பாய்ச்சிக்கு நிலம் இருக்கக் கூடாதுங்கிறதுதான் வழக்கம். நிலம் இருந்தா அவர் தன் வயலுக்குத்தான்..."

"அதெல்லாம் சரி. நாளைக்கு இவர் ஜெயிச்சுட்டார்னா எந்தப் பட்டா எண்ல ஜெயிச்சார்னு எழுதுறது?"

எனவே ஆட்டக்காரர் முதலில் பட்டா பெற வேண்டும் என்றானது. பட்டா பெற விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு இருப்பிடச் சான்று, வருமானச் சான்று. நிலமே இல்லாதவருக்கு வருமானச் சான்று எப்படி என்று கேட்டேன். அதற்குத் தனியாக ஒரு சான்று இருந்தது. விளையாட்டின் முதல் நாற்பது நிமிடம் ஆட்டக்காரர் கண்மாயைக் கண்ணால் பார்க்க முடியாது.

மூன்றாவது கூட்டத்தில் சூரியன் சிக்கியது.

"தினமும் ரெண்டு பங்கு தண்ணி குறையுதே, எங்க போகுது?"

"ஆவியாகுது சார். வெயில்."

"யார் அனுமதியில?"

நான் சன்னல் வழியாகச் சூரியனை ஒருமுறை பார்த்தேன். பிறகு தணிக்கையில் கேள்வி வரும் என்று சொல்லி, ஆவியாதலுக்கு நாள்தோறும் ஒரு சீட்டு போடவேண்டும் என்று தீர்மானித்தார்கள். சீட்டில் ஒப்பமிடும் அலுவலர் விடுமுறையில் இருக்கும் ஞாயிறு, இரண்டாம் சனி ஆகிய நாட்களில் தண்ணீர் ஆவியாகக் கூடாது. நிரலில் அப்படியே எழுதினேன். ஆவரங்குளத்தில் அப்படி ஒரு சூரியன் இருந்திருந்தால் எங்களுக்குக் கண்மாயே தேவைப்பட்டிருக்காது.

ஐந்தாவது கூட்டம் மழைக்கு. "வடகிழக்குப் பருவமழைன்னு சொல்லிட்டு மூணு மாசத்துல மொத்தத்தையும் கொட்டுறது சமச்சீர் வளர்ச்சிக்கு எதிரானது" என்றார் ஓர் உறுப்பினர். ஆண்டுச் சராசரியைப் பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் பெய்ய உத்தரவாயிற்று. சித்திரை மழையில் திரையில் மிளகாய் அழுகியது. அது அழுகவில்லை, கூடுதல் ஈரப்பதம் பெற்றது என்று குறிப்பில் பதிவானது.

ஏழாவது கூட்டம் காதர் மைதீனுக்கு. கருகிய வயலுக்கு அவன் ஒரு பழுப்பு நிறம் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஏர்வாடியிலிருந்து பேருந்தில் வரும்போது சன்னலில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிறம்.

"அரசுத் திட்டத்துல பயிர் கருகலாமா?"

"தண்ணி இல்லைன்னா கருகத்தானே சார் செய்யும்?" என்றான் காதர் மைதீன்.

"கருகட்டும். ஆனா பச்சையா கருகட்டும்."

அவன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் நின்றான். "அல்லா மேல ஆணையா சொல்றேன் மாப்ள, பச்சையா கருகுறது எப்படின்னு எனக்கு வரையத் தெரியல." ஆனாலும் வரைந்தான். வயல் காய்ந்தால் இளம்பச்சை. முற்றிலும் செத்தால் அதைவிட அழகான கிளிப்பச்சை. மேலே ஒரு வரி வரும்: 'பசுமை தற்காலிகமாகக் குறைந்துள்ளது'.

பதினொரு கூட்டம் முடிந்தபோது விளையாட்டில் பதினொரு வளங்கள் இருந்தன. உறுப்பினருக்கு ஒன்று என்று பகிர்ந்துகொண்டார்கள்: பட்டா, விண்ணப்பம், சான்று, கையொப்பம், முத்திரை, முன்னுரிமை எண், தடையின்மைக் கடிதம், பரிந்துரை, தேநீர், பொறுமை. தண்ணீர் பதினோராவது. திரையின் அகலத்தில் பத்துதான் அடங்கியது. தண்ணீரைப் பார்க்க மவுஸை உருட்ட வேண்டும்.

மறுபடியும் இருளாண்டியைக் கூட்டி வந்தேன். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஆடினான். வருமானச் சான்றில் தகப்பன் பெயருக்கு நேரே ஒரு புள்ளி குறைந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடி போட்டான். அதற்குள் பொறுமை தீர்ந்துவிட்டது. பொறுமை வாங்கத் தேநீர் வேண்டும். தேநீருக்குப் பரிந்துரை வேண்டும். மூன்றாம் மணி முடிவில் பன்னிரண்டு வயலும் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சையில் ஜொலித்தன.

"ஏலே கூத்து," என்றான் மெதுவாக, "நேத்து நான் தாலுகா ஆபீஸ்ல இதைத்தான செஞ்சேன். அதுல என்னலே விளையாட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "பலகை என்ன ஆச்சு? உங்கக்கா தினமும் கேக்குது. விதைச் சாக்கு மேல உக்காந்துக்கிட்டே கேக்குது."

அப்போது புரட்டாசி முதல் வாரம். எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டுக் காத்திருப்போம். ஐப்பசி பிறந்துவிட்டால் விதைக்க முடியாது. சென்னை இயக்குநர் வரும் நாளும் அக்காவின் கெடுவும் ஒரே வாரத்தில் வந்தன.

இயக்குநர் வருவதற்கு நான்கு நாள் இருந்தபோது, முழு விளையாட்டையும் அலுவலகத்தில் ஓட்டிக் காட்டினேன். நாற்பது நிமிடப் பட்டாவைத் தாண்டியதும் ஒருவழியாகக் கண்மாய் வந்தது. அங்கே ஷட்டர் உடைந்திருக்கும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த ஒரு வருடமாக உடையாத ஷட்டரை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆட்டக்காரர் மனுப் போட வேண்டும், ஆணை வரும், ஷட்டர் பொருத்தப்படும், ஆட்டம் தொடரும். திரையில் ஆணை வந்தது.

வீரலட்சுமி அம்மாளின் பேனா நின்றது. நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் தலை நிமிர்ந்து பேசினார்.

"இந்த ஆணைக்கு எண் போட்டிருக்கே. இது எந்தப் பதிவேட்டு எண்?"

"அது சும்மா நானா போட்டது அம்மா. ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

அறையில் யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.

"வழங்காத ஆணைக்கு எண் போட்டு, முகமை முத்திரையோட, இயக்குநர் முன்னால காட்டப்போறீங்க" என்றார் அவர், சாதம் வடித்தாயிற்று என்று சொல்கிற குரலில். "சார், இதுக்குப் பேரு போலி ஆவணம். கீழ உங்க பேரு இருக்கு."

சேதுமாணிக்கத்தின் முகம் காதர் மைதீன் தேடிக்கொண்டிருந்த பழைய பழுப்பு நிறத்துக்கு வந்தது. "எண்ணை எடுத்துரு தம்பி!"

எடுத்தேன். எண் இல்லாத ஆணை செல்லாது என்று நான்காவது கூட்டத்தில் அவர்களே வைத்த விதி நிரலில் இருந்தது. ஆணை செல்லவில்லை. ஷட்டர் பொருந்தவில்லை. ஆட்டம் அங்கேயே நின்றது.

"அப்ப அந்த ஷட்டர் கட்டத்தையே தூக்கிரு."

"ஒப்புதல் கொடுத்த வடிவமைப்பு சார்" என்றார் வீரலட்சுமி அம்மாள். "மாத்தணும்னா குழு கூடணும். பதினஞ்சு நாள் முன்னறிவிப்பு."

"இயக்குநர் நாலு நாள்ல வாராரே!"

"வருவார். நாற்பது நிமிஷம் பட்டா வாங்குவார். அப்புறம் உடைஞ்ச ஷட்டர் முன்னால உக்காந்திருப்பார்."

எல்லோரும் அந்தக் காட்சியை மனதில் பார்த்தார்கள். சேதுமாணிக்கம் ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார். தண்ணீரோடு அவருக்கு நேரடித் தொடர்பு இருந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் உதவும் எண்ணத்தில், "நிஜமா ஒரு ஆணை இருந்தா அந்த எண்ணைப் போட்டுரலாம் சார்" என்றேன். சத்தியமாக அதில் எந்தத் தந்திரமும் இல்லை. இருந்திருந்தால் நான்கு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க மாட்டேனா?

"நிஜ ஆணைக்கு நிஜ மனு வேணுமே? அதுக்கு இப்ப எங்க போறது?"

வீரலட்சுமி அம்மாள் எழுந்து போய், சுவரோரம் இருந்த நான்கு பீரோக்களில் மூன்றாவதைத் திறந்தார். மனுக்கள் அங்கே தரையிலிருந்து மேல்தட்டு வரை நின்றன. கையை நடுவில் விட்டு ஒன்றை உருவினார். மேலிருந்தும் இல்லை, கீழிருந்தும் இல்லை. மேசையில் வைத்தார். ஆவரங்குளம் கண்மாய், மடை ஷட்டர் மாற்றித் தரக் கோரி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பராமரிப்பு நிதி இல்லையே" என்றார் சேதுமாணிக்கம், பழக்கதோஷத்தில்.

"விளையாட்டுத் திட்டத்துல உபகரணம் வாங்க இடம் இருக்கு சார். இந்த ஷட்டர் இல்லாம விளையாட்டு ஓடாது. அதனால இது விளையாட்டு உபகரணம்."

கையொப்பம் விழுந்தது. முத்திரை விழுந்தது. ஒன்பது மாதமாக நகராத காகிதம் பதினேழு நிமிடத்தில் ஆணையானது. நான் எண்ணைத் தட்டினேன். ஆட்டம் ஓர் அடி நகர்ந்து மறுபடியும் நின்றது.

"இப்ப என்னப்பா?"

"பணி நிறைவுச் சான்று எண் கேக்குது சார். போட்டோவோட. அது எட்டாவது கூட்டத்துல நீங்க..."

அவர் முடிக்க விடவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

மறுநாள் காலையில் பட்டறையில் பலகை வெட்டினார்கள். அதற்கடுத்த நாள் மதியம் ஆவரங்குளத்துக்கு ஜீப் வந்தது. கண்மாய் வறண்டிருந்ததால் வேலை எளிது. இருளாண்டி மடைக்குழிக்குள் இறங்கி, பழைய துருவைச் சுரண்டி, புது ஷட்டரை நிறுத்திப் பிடித்தான். திருகுக் கம்பியில் அவன் கிரீஸ் தடவிய விதத்தைப் பார்த்தால் கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் இருந்தது. முகமையின் ஆள் போட்டோ எடுத்தார். பிறகு வெள்ளைப் பெயிண்டில் பலகை மேல் எழுதிவிட்டுப் போனார்: 'விளையாட்டு உபகரணம் எண் 1. விளையாடி முடித்தபின் ஒப்படைக்கவும்.'

அக்கா கரையில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"விளையாட்டு உபகரணமா? ஏலே, இதை வச்சு என்ன விளையாடுறது?"

"நெல்லு விளைவிக்கிறதுதான் அக்கா."

அவள் கரையைவிட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போனாள். சாக்கு அவிழ்கிற சத்தம் எனக்குக் கேட்டதாக எழுத ஆசைதான். வீடு முக்கால் கிலோமீட்டர். பொழுது சாயும்போது புழுதியில் அவள் விதைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன், அதுவே போதும்.

வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் விழா. சென்னை இயக்குநர் மாலையோடு பேசினார்.

"நான் நீர்வளத்துக்கு வருமுன் கைத்தறியில் இருந்தேன். அதற்கு முன் மீன்வளம். எந்தத் துறையிலும் நான் அந்தந்தப் பொருளைக் கையால் தொட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தொட்டால் பற்று வரும். பற்று வந்தால் கோப்பு தாமதமாகும். இன்று இந்த விளையாட்டின் மூலம் நம் விவசாயியும் தண்ணீரைத் தொடாமலே விவசாயம் செய்யக் கற்றுக்கொள்வார்."

பட்டா, சான்று எல்லாவற்றையும் அவர் சார்பாக நான்கு எழுத்தர்கள் நிரப்பினார்கள். மனுப் போட்டார், ஆணை வந்தது, உண்மையான எண்ணோடு. பணி நிறைவுச் சான்று வந்தது, இருளாண்டியின் முதுகு தெரியும் போட்டோவோடு. மங்கள வாத்தியம் ஒலிக்க, இயக்குநர் மவுஸை அழுத்தி ஷட்டரைத் திறந்தார். திரையில் தண்ணீர் பாய்ந்தது. அரங்கம் எழுந்து கை தட்டியது. அவரும் எழுந்து கும்பிட்டார். கும்பிட்டபடியே நின்றார்.

ஷட்டரை மூட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் கண்மாய் காலி.

"பார்த்தீர்களா," என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில், "நம் திட்டங்கள் எவ்வளவு வேகமாக மக்களைச் சென்றடைகின்றன!"

பன்னிரண்டு வயலும் கிளிப்பச்சையாக மின்னின. அவ்வளவு பசுமையை அந்த மாவட்டத்தில் தாம் எங்குமே பார்த்ததில்லை என்று பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். காதர் மைதீன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று சட்டை நனைந்த அளவை வைத்துச் சொல்ல முடியவில்லை.

விளையாட்டை அதன்பின் ஒருவரும் ஆடவில்லை. மாவட்டத்துக்கு நூறு குறுந்தகடு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் அதை மிளகாய்க் காட்டில் கட்டித் தொங்கவிட்டோம், வெயிலில் மின்னிக் குருவியை விரட்டியது.

ஐப்பசி நாலாம் நாள் மழை பிடித்தது. பன்னிரண்டால் வகுக்காத மழை. மூன்று இரவு, மூன்று பகல். கண்மாய் நிறைந்து, கரையில் ஊரே நின்று பார்க்க, ஷட்டர் சொட்டுக்கூட விடாமல் நின்றது. கார்த்திகையில் இருளாண்டி முறைபோட்டுத் திறந்தான். தலைமடைக்காரர்கள் வழக்கம்போல் சத்தம் போட்டார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராக்கு அக்கா சத்தம் போடாமல் வரப்பில் உட்கார்ந்திருந்த அன்று, அவளுக்குத் திறந்தான்.

தை பிறந்து, அறுப்புக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் முகமையிலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. விளையாட்டுத் திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றதால், உபகரணம் எண் 1-ஐ நல்ல நிலையில் பதினைந்து நாளுக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும், தவறினால் நடவடிக்கை. கீழே சேதுமாணிக்கத்தின் கையொப்பம். ஓரத்தில் பென்சிலால், நடவடிக்கைக் குறிப்புகளில் நான் பார்த்திருந்த கையெழுத்தில், சின்னதாக: 'பதில் எழுதினால் கோப்பில் சேர்க்கப்படும். சேர்ந்தபின் எடுக்க நாளாகும்.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினேன். இருளாண்டி மடைமேல் உட்கார்ந்திருந்தான். அக்கா வயலில் கதிர் தலை சாய்ந்து நின்றது. அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பென்சில் வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னான்.

பிறகு திருகில் கை வைத்து, ஷட்டரை ஒரு சுற்று இறக்கி மூடினான்.

"ஆட்டம் இன்னும் முடியலைன்னு எழுதிப் போடுலே" என்றான்.